மலையடிவாரத்தில் தங்கிப் பறவை பார்க்க எந்தப் பக்கம் நல்லது?

தாம்பரத்துப் பாளையங்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாளையங்கோட்டை, இருப்பது தாம்பரத்தில். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம். பண்டிகை முடிந்த கையோடு அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தோப்பு வீடு எடுத்துத் தங்கலாம் என்று எண்ணம். மகள் ஏழாம் வகுப்பு. பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது. மொட்டைமாடிப் பக்கம் செம்போத்து சத்தம் கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறாள். மாமியாரும் கூட வருகிறார்கள். முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. விட்டுவிட்டு வந்தாலோ அடுத்த பொங்கல் வரைக்கும் பேசமாட்டார்கள்.

கேட்க நினைப்பது இதுதான். ஜனவரி சரியான காலமா? காட்டுக்குள் போனால்தான் ஏதாவது தெரியுமா, அடிவாரமே போதுமா? அப்புறம், ஒரு விடுதியில் போன் பண்ணி விசாரித்தேன். "ராத்திரி எட்டு மணிக்கு மேல் கரடி வரும், வராந்தாவில் உட்கார்ந்தே பார்க்கலாம், உறுதி" என்கிறார்கள். மகள் துள்ளிக் குதிக்கிறாள். எனக்குத்தான் என்னவோ போல இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

அம்பை அண்ணாச்சி எழுதியது:

வாங்க தாயி. ஜனவரி அருமையான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளமெல்லாம் நிறைந்து கிடக்கும், வெயிலும் உறைக்காது. வலசை வந்த பறவைகள் எல்லாம் அந்தச் சமயம் இங்கேதான் இருக்கும்.

காட்டுக்குள் போக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பேன். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-இல் அறிவித்தது. அதற்கு முன்பே முண்டந்துறை 1962-இலும், களக்காடு 1976-இலும் சரணாலயம் ஆகிவிட்டன. உள்ளே போக அனுமதி, நேரக் கட்டுப்பாடு, வண்டிக் கணக்கு என்று ஆயிரம் உண்டு. எல்லாம் முடித்து உள்ளே போனாலும் ஜீப்பில் உட்கார்ந்து புழுதியைத்தான் பார்ப்பீர்கள். பச்சைக் காட்டுக்குள் பறவை தலைக்கு மேலே நூறடி உயரத்தில் இருக்கும். கழுத்து வலிதான் மிச்சம்.

அடிவாரத்தில் அப்படி இல்லை. காடு முடிந்து தோப்பு தொடங்குகிற அந்த ஓரம் இருக்கிறதே, அங்கே இரண்டு பக்கத்துச் சரக்கும் கிடைக்கும். மலையிலிருந்து இறங்கி வருவதும் வரும், வயல்காட்டுப் பறவையும் வரும். வாய்க்கால் ஓடும் இடமாகப் பாருங்கள். மருதம், நாவல், ஆல், அத்தி நிற்கிற தோப்பு என்றால் இன்னும் விசேஷம். ஆலோ அத்தியோ பழுத்து நிற்கும் மரம் ஒன்று கிடைத்துவிட்டால் வேறெங்கும் போகாதீர்கள். மாமியாருக்கு அதன் கீழே ஒரு நாற்காலி போடுங்கள், பச்சைப்புறா, குக்குறுவான், குயில், மைனா எல்லாம் அவர்கள் தலைக்கு மேலேயே வந்து தின்றுவிட்டுப் போகும்.

நம் பக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு, வெளியூர்க்காரர்கள் யாரும் கவனிக்கமாட்டார்கள். மலை நமக்கு மேற்கே இருக்கிறது. அதனால் காலை வெயில் நேரே மலை முகத்தில் விழும், முதுகில் சூரியனை வைத்துக்கொண்டு பார்க்கலாம், நிறம் அப்படியே தெரியும். சாயங்காலம் கதை வேறு. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும், அடிவாரத்தில் நிழல் விழுந்துவிடும். ஆகவே காலையைத் தூங்கிக் கழித்துவிட்டு "சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

விடியும்போது காட்டுக்கோழி கூவும். ஆறுமணிக்குருவி இரண்டு சீட்டியாகக் குரல் கொடுக்கும், அது குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருவது. வெயில் ஏறியதும் தேன்சிட்டு, மாங்குயில், மின்சிட்டு. ஒன்பது மணிக்கு மேல் தரை சூடாகிக் காற்று மேலெழும்பும்போது குடுமிப் பாம்புக்கழுகு வட்டமடித்துக் கத்தும். அதற்குப் பிறகு இட்லி சாப்பிடப் போகலாம்.

ஷார்ஜா நெல்லை எழுதியது:

அண்ணாச்சி, புலி?

அம்பை அண்ணாச்சி எழுதியது:

புலி இருக்கிறது தம்பி. உங்களை அது பார்க்கும், நீங்கள் அதைப் பார்க்கமாட்டீர்கள். காரையாறு சாலையில் வருஷக்கணக்காக பஸ் ஓட்டியவர்களில் பார்க்காதவர்களே அதிகம். புலிக்காக வருபவர்கள் முதுமலைக்குப் போகட்டும்.

வாழைத்தோட்டம் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கரடி விடுதிக்குப் போகாதீர்கள். உங்களுக்கு என்னவோ போல இருக்கிறது என்றீர்களே, அது சரியான எண்ணம்.

கரடி எட்டு மணிக்கு வரும் என்று ஒருத்தன் உறுதி சொன்னால், ஏழரை மணிக்கு அவன் எதையோ கொட்டுகிறான் என்று அர்த்தம். எனக்கு அடிவாரத்தில் வாழையும் கொஞ்சம் நெல்லும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு விடுதி, பெயர் வேண்டாம், சமையல்கட்டுக் கழிவையும் பலாச்சக்கையையும் பின்பக்கம் பள்ளத்தில் கொட்டுவான். விளக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பான். விருந்தாளிகள் மாடியில் நின்று போட்டோ எடுப்பார்கள். முதலில் பன்றி வந்தது. அப்புறம் கரடி. சீசன் முடிந்து விடுதியில் ஆள் இல்லாத நாளில் அந்தக் கரடி பட்டினி கிடக்குமா? எங்கள் பம்புசெட் அறைக் கதவைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பிண்ணாக்கு மூட்டையை இழுத்துப் போட்டது. கதவுத் தகரத்தில் நகம் பட்ட இடம் நாலு கோடாகக் கிழிந்து, விளிம்பு வெளியே மடங்கி நின்றது. விரலை வைத்துப் பார்த்தால் என் சுண்டுவிரல் நுழைகிறது. மறுநாள் விடியற்காலை தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆள் அதன் முன்னால் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரடிக்குக் கண் மங்கல். எதிரே ஆள் வருவது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும், தெரிந்ததும் பாயும்.

உங்கள் மகளுக்கு கரடி வேடிக்கை. எங்களுக்கு அது ராத்திரி வேலை.

மயிலும் அப்படித்தான். தை மாதம் பிசான நெல் கதிர் பிடித்து நிற்கும். விருந்தாளி பார்க்கட்டும் என்று தானியம் தூவிப் பழக்கிய மயில் கூட்டம், தூவுகிறவன் கை ஓய்ந்ததும் நேரே வயலுக்கு வரும். தேசியப் பறவை. தொட்டால் சட்டம். தொடச் சொல்லவில்லை, பழக்காதே என்றுதான் சொல்கிறேன்.

கூர்நோக்கி எழுதியது:

வாழைத்தோட்டம் அண்ணன் சொல்வதில் கரடி விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனால் எல்லா விடுதியையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டாம். நான் படம் எடுப்பவன். சில இடங்களில் மறைவுக்கூடாரம் போட்டு, முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பார்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பறவை வந்து குளிக்கும், குடிக்கும். அரசவால் ஈப்பிடிப்பான் நம் முகத்துக்கு நேரே எட்டடியில் வந்து முங்கி எழுந்து சிறகை உதறும். வெளியே நாள் முழுக்க அலைந்தாலும் அப்படி ஒரு காட்சி கிடைக்காது. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு இதைவிட வசதி வேறென்ன?

அதேபோல, போனில் பறவைக் குரலை ஒருமுறை போட்டால் ஆறுமணிக்குருவி புதரை விட்டு வெளியே வரும், குழந்தை பார்க்கும், முடிந்தது. இதில் யாருக்கு என்ன நட்டம்?

களக்காட்டுக்காரி எழுதியது:

நட்டம் பறவைக்குத்தான் தம்பி. குரலைக் கேட்டால் அது உங்கள் மகிழ்ச்சிக்காக வெளியே வருவதில்லை. தன் இடத்துக்குள் இன்னொருத்தன் நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடுகிறது. நீங்கள் ஒருமுறை போடுவீர்கள். பிற்பகல் வேறொரு கூட்டம் வந்து ஒருமுறை போடும். மறுநாள் இன்னொருவர். ஆறுமணிக்குருவி நம் ஊருக்கு வருவதே தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள. சித்திரை வாக்கில் திரும்பிப் போகும்போது அத்தனை தூரம் பறக்க வேண்டாமா? முட்டை வைத்திருக்கும் உள்ளூர்ப் பறவை என்றால் இன்னும் மோசம், கூட்டை விட்டு எழுந்து வந்துவிடும்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகளைக் களக்காட்டு மலையடிவாரத்தில் தலையணை என்ற தடுப்பணைப் பக்கம் அழைத்துப் போவதுண்டு. போனைப் பையில் போடச் சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்தால் போதும், காடு நம்மை மறந்துவிடும். முதலில் தவிட்டுக்குருவி கூட்டம் இறங்கி வந்து சருகைப் புரட்டும். அப்புறம் கலப்புக் கூட்டம் ஒன்று கடந்து போகும். மின்சிட்டு, ஈப்பிடிப்பான், மரங்கொத்தி எல்லாம் ஒன்றாகவே மரத்துக்கு மரம் நகரும். ஒன்று பூச்சியைக் கிளப்பினால் இன்னொன்று பிடிக்கும். அந்தக் கூட்டத்தோடு துடுப்புவால் கரிச்சான் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பாம்புக்கழுகு மாதிரியே கத்தும், பிள்ளைகள் அண்ணாந்து வானத்தைத் தேடுவார்கள். பார்த்தால் நாலு கிளை தள்ளி இவர் உட்கார்ந்திருப்பார், வாலில் இரண்டு கம்பி தொங்கும், நுனியில் துடுப்பு. உடனே குக்குறுவான் போலப் பேசிக் காட்டுவார்.

தண்ணீர்த் தொட்டி பற்றி எனக்கு இரண்டு மனம். கோடையில் ஓடையெல்லாம் வற்றியபின் ஒரு தொட்டி தண்ணீர் உபகாரம்தான். ஆனால் ஜனவரியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும்போது தொட்டி எதற்கு? பக்கத்தில் புழுவும் போட்டால்தான் அப்போது பறவை வரும். அங்கேதான் தண்ணீர் தீனியாக மாறுகிறது. இன்னொன்று, ஒரே தொட்டியில் பறவைகள் கூடினால் நோயும் கூடும். தினம் கழுவி மாற்றுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கூர்நோக்கி எழுதியது:

அக்கா, குரல் போடுவதை விட்டுவிடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி விஷயத்தில் நான் இறங்கமாட்டேன். தொட்டியில் குளிக்கும் குருவியைப் பக்கத்தில் பார்த்த பிள்ளைதான் நாளைக்குக் காட்டுக்காகப் பேசும். நூறடி உயரத்தில் கறுப்புப் புள்ளியைப் பார்த்த பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது.

களக்காட்டுக்காரி எழுதியது:

தோன்றும் தம்பி. பைனாகுலர் கொடுத்துப் பாருங்கள்.

தாம்பரத்துப் பாளையங்கோட்டை எழுதியது:

கரடி விடுதியை விட்டாயிற்று. மகளிடம் பிண்ணாக்கு மூட்டைக் கதையைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "அந்தக் கரடிக்கு அடி பட்டதா?" என்றாள்.

அப்படியானால் நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? போனில் என்ன கேட்க வேண்டும்? அப்புறம் அந்தப் பெரிய அலகுள்ள இருவாட்சிப் பறவை அடிவாரத்தில் தெரியுமா? கூடு எங்காவது இருக்கிறதா?

மட்டுறுத்துநர்:

கூடு இருக்கும் இடம், மரம், வழி எதையும் இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கப்படும். மற்றதைத் தொடரலாம்.

அம்பை அண்ணாச்சி எழுதியது:

மட்டுறுத்துநர் சொன்னது நியாயம். இருவாட்சி கூடு கட்டும் காலமும் இதுதான். பெரிய மரப்பொந்துக்குள் பெட்டை போய் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும், அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். மாதக்கணக்கில் ஆண் பறவைதான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். மரத்தடியில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால் ஆண் பக்கத்தில் வராது. உள்ளே இருப்பவை பட்டினி.

பறக்கும்போது பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை. பெரிய இருவாட்சி மேலே சோலைக்காட்டுப் பக்கம், அடிவாரத்தில் தெரிந்தால் உங்கள் யோகம். அது வருவதற்கு முன்பே சிறகுச் சத்தம் வந்துவிடும். சிறகின் அடியில் மூடி நிற்கும் இறகுகள் அதற்கு இல்லாததால் காற்று ஊடே புகுந்து போகிறது, அந்தச் சத்தம்தான். ஆணுக்குக் கண் சிவப்பு, பெட்டைக்கு வெள்ளை. மகளிடம் சொல்லிவையுங்கள்.

மேலே மாஞ்சோலை, குதிரைவெட்டிப் பக்கம் கருமந்தி, சோலைமந்தி, மலையணில் எல்லாம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியான அசம்பு மலைகளில் மட்டுமே இருக்கும் சோலைக்கிளி ஒன்றை 2017-இல்தான் தனி இனம் என்று பிரித்தார்கள். நீலக் குருவி, வயிறு வெள்ளை. தரையோடு தரையாகப் புதருக்குள் போகும். இந்தத் தடவை அதெல்லாம் வேண்டாம், அம்மா முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலமாக இருந்தால் அட்டை வேறு. உப்புப் பொட்டலம் இல்லாமல் நடக்க முடியாது.

வாழைத்தோட்டம் எழுதியது:

போனில் கேட்க வேண்டியதை நான் சொல்கிறேன் தங்கச்சி. "சமையல் கழிவை என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். குழி தோண்டி மூடுகிறோம், மாட்டுக்குப் போகிறது என்றால் சரி. தயங்கினால் விட்டுவிடுங்கள். "ராத்திரி வெளிவிளக்கு எத்தனை மணிக்கு அணைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ராத்திரி முழுக்கக் குழல்விளக்கு எரிந்தால் ஆந்தைக்கும், இரவில் பறக்கும் பக்கிக் குருவிக்கும் தொந்தரவு. "உள்ளூர் ஆள் வேலை செய்கிறார்களா?" என்று கேளுங்கள். எங்கள் ஊர் ஆள் ஒருத்தன் தோப்புக் காவலில் இருந்தால், எந்த மரத்தில் ஆந்தை பகலில் தூங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் காட்டுவான், தொந்தரவும் பண்ணவிடமாட்டான்.

பாட்டுப்பெட்டி, நெருப்பு மூட்டி ஆட்டம் என்று விளம்பரம் போட்டிருந்தால் பேசவே வேண்டாம்.

ஷார்ஜா நெல்லை எழுதியது:

பாட்டுப்பெட்டியும் நெருப்பும் இல்லாமல் ராத்திரி என்னதான் செய்வது அண்ணன்?

வாழைத்தோட்டம் எழுதியது:

தூங்கவும்.

களக்காட்டுக்காரி எழுதியது:

சிரிப்பு ஒரு பக்கம். ராத்திரியில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. மிளா ஒன்று அடிவயிற்றிலிருந்து ஒற்றைக் குரல் கொடுத்தால் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டம் இருக்கலாம் என்று இந்த மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடிகள் சொல்வார்கள். பகலில் மந்தி மரத்து உச்சியில் இருந்து அதட்டிக் கத்துவதும், மலையணில் விடாமல் அலறுவதும் அப்படித்தான். எதிரே ஒன்றும் தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று காதாலேயே ஊகிக்கலாம். உங்கள் மகளுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும்.

ராத்திரியில் தோப்புக்குள் நடக்க விடாதீர்கள். விரியன் உண்டு. பகலில் மாடு மேயும் புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும், வீட்டுக்கு வந்ததும் குளித்துத் துணியை மாற்றச் சொல்லுங்கள். அகத்தியர் அருவிப் பக்கம் போனால் தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துவிடுவார்கள், துணிப்பை கொண்டுபோங்கள்.

அப்புறம், மாமியாருக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் அடிவாரம், ஒரு நாள் சமவெளி என்று பிரித்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்து ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஆற்றங்கரை மரங்களில் நாரையும் கொக்கும். 2005-இல் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்த ஊர் அது. அத்தைக்குச் சாமி தரிசனம், பிள்ளைக்குப் பறவை. பாபநாசத்தில் குளிக்கப் போனால் தயவுசெய்து பழைய துணியை ஆற்றில் விடாதீர்கள், அம்மாவிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். படித்துறைக்குக் கீழே துணி பாறையில் சுற்றிக் கிடப்பதைப் பார்த்தால் மனசு ஆறாது. நீர்நாய் வாழும் ஆறு இது.

மறுநாள் கூந்தன்குளம். நாங்குநேரிப் பக்கம். 1994-இல் சரணாலயம், 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர்தான் அந்தக் குளத்துக்கு வருகிறது, நீங்கள் தங்கப்போகும் மலையின் தண்ணீர் அது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே வேப்பமரத்தில், கருவேலமரத்தில், வீட்டு வாசலுக்கு மேலேயே கூடு வைக்கும். ஜனவரியில் இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்தும் இருக்கும். அத்தை காரைவிட்டு இறங்க வேண்டாம், கண்ணாடியை இறக்கினால் போதும். வாடைக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளுவார்கள், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள்.

வாழைத்தோட்டம் எழுதியது:

பார்த்தீர்களா, அங்கே யாரும் தீனி போட்டு நாரையை வரவழைக்கவில்லை. குளத்தில் தண்ணீர் நின்றது, மரத்தை வெட்டவில்லை, வந்தது.

கூர்நோக்கி எழுதியது:

அண்ணன், அந்தத் தண்ணீரும் மனிதன் மடை திறந்து விட்டதுதானே? என் தொட்டி கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாழைத்தோட்டம் எழுதியது:

அந்தத் தண்ணீர் வயலுக்கு விட்டது தம்பி. பறவை பங்குக்கு வந்தது. உன் தொட்டி படத்துக்கு வைத்தது.

கூர்நோக்கி எழுதியது:

இதற்கு மேல் பேசினால் நாம் இருவரும் விடிய விடியப் பேசுவோம். தாம்பரத்து அக்கா, பைனாகுலர் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதையாவது நான் சொல்கிறேன். 8-க்கு 42 என்று கேட்டு வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். 10 மடங்கு என்றால் சின்னக் கை நடுங்கும், பறவை ஆடும். மகளுக்குக் கனமாகத் தெரிந்தால் 8-க்கு 32 எடுங்கள். அத்தை மூக்குக்கண்ணாடி போடுவார்கள் என்றால் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். பறவையைக் கண்ணால் பிடித்த பிறகு, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டிலேயே காக்கையை வைத்துப் பழகட்டும்.

தாம்பரத்துப் பாளையங்கோட்டை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மணிமுத்தாறு பக்கம் வாய்க்கால் ஓரத்தில் ஒரு தோப்பு வீடு. கழிவுக் கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மா "மாடு இரண்டு இருக்கு, மிச்சமே இருக்காது" என்றார்கள். வெளிவிளக்கு ஒன்பது மணிக்கு அணைத்துவிடுவார்களாம், "கொசு வரும், கதவைச் சாத்திக்கிடுங்க" என்றும் சொன்னார்கள். முன்பணம் அனுப்பிவிட்டேன்.

பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் என்று மகள் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் இருந்து பார்த்ததை எழுதி இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றினால் போதுமாமே? பாளையங்கோட்டை வீட்டு மாடியிலிருந்தே தொடங்கப்போகிறாளாம்.

அம்பை அண்ணாச்சி எழுதியது:

போதும் தாயி. பெயர் தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம், "தெரியவில்லை" என்றே விட்டுவிடச் சொல்லுங்கள். மற்றதை எண்ணிக்கையோடு எழுதட்டும், காக்கை உட்பட. காக்கையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வாழைத்தோட்டம் எழுதியது:

மணிமுத்தாறு என்றால் எங்கள் வயல் பக்கம்தான். மயிலை எண்ண வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் விரட்டவும் ஆள் வேண்டும்.